ரிவால்வர் தோட்டாக்கூட்டின் நீளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஓர் இயந்திரப் பட்டறையின் ஆய்வறையில் முப்பத்தொரு ஆண்டுகள் அளவெடுத்தே காலம் கழித்தவன் நான். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் அமெரிக்காவின் டெக்சாஸ். மாப்பிள்ளை ரிவால்வர் சுடுபவர். அங்கே சட்டம் இடம் கொடுப்பதால், சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் புது மருந்தும் குண்டும் வைத்துத் தானே நிரப்பிக்கொள்கிறார். இரண்டு முறை நீண்ட நாள் தங்கியபோது அவருடைய மேசையில் நானும் உட்கார்ந்தேன். நிரப்பும் வேலை அவருடையது, அளவெடுக்கும் வேலை என்னுடையது. ஊர் திரும்பிய பிறகு, வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தமிழ் நண்பர்களும், இங்கே உரிமத்தோடு .32 ரிவால்வர் வைத்திருப்பவர்களும், சுடும் போட்டிக்குப் போகும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகள் சேர்ந்துகொண்டே வந்தன. கூட்டின் நீளம் பற்றியவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். எவ்வளவு மருந்து போடுவது என்ற கணக்கு இதில் எங்கும் இல்லை. அதை மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டுக்கொள்ளக் கூடாது.

சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பித்தளையால் ஆன உறை ‘கூடு’. அதன் அடியில், சுத்தியல் அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. அடியைச் சுற்றித் துருத்திக்கொண்டிருப்பது ‘விளிம்பு’. கூட்டின் வாயை உள்நோக்கி மடித்துக் குண்டைப் பிடிக்கவைப்பது ‘கிரிம்ப்’. ரிவால்வரில் சுற்றும் உருளையான சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளை ‘அறை’. அறையின் முன்பகுதியில் குண்டு மட்டும் போகும் அளவுக்குச் சுருங்கிய இடம் ‘தொண்டை’. .32, .38 போன்ற எண்கள் குண்டின் குறுக்களவை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்லும் பெயர்கள்.

இந்த வேலையைச் சேலத்தில் என் வீட்டில் செய்யலாமா?

கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆவது பிரிவில், உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிப்பதைத் தடை செய்கிறது. உங்களிடம் ரிவால்வர் வைத்திருக்கும் உரிமம் இருக்கலாம்; அது தயாரிப்பு உரிமம் ஆகாது. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டம் ‘தோட்டா’ என்று சொல்வதில் தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரங்களும் அடங்கும். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமற்ற தயாரிப்புக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள்தண்டனை வரையிலும் போகலாம். லேத் ஓட்டத் தெரிந்த கை சேலத்தில் தெருவுக்கு நான்கு இருக்கிறது. ‘இதென்ன பெரிய வேலை’ என்று தோன்றும். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கெட்டுப்போவதைப் பார்க்க எனக்கு மனம் இல்லை. கீழே வரும் செய்முறை எல்லாம், சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு. இங்கே இருப்பவர்களுக்கு, கடையில் வாங்கும் தோட்டா ஏன் அப்படி இருக்கிறது, எதை எதில் போடக்கூடாது என்று புரிந்துகொள்ள உதவும்.

நீளம் என்று எதைச் சொல்கிறீர்கள்? எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு?

குண்டு இல்லாத வெறும் கூட்டின் அடியிலிருந்து வாய் வரை உள்ள தூரம். குண்டோடு சேர்ந்த முழு நீளம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

.32 ஸ்மித் அண்ட் வெசன் லாங்குக்கு அதிகபட்சம் 0.920 அங்குலம், அதாவது 23.37 மில்லிமீட்டர். நம் ஊரில் சாதாரண உரிமக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். .38 ஸ்பெஷலுக்கு 1.155 அங்குலம், .357 மேக்னத்துக்கு 1.290. .44 ஸ்பெஷலுக்கு 1.160, .44 மேக்னத்துக்கு 1.285. பழைய .45 கோல்ட்டுக்கும் 1.285. இவை எல்லாம் மேல் வரம்புகள். வெட்டிச் சீராக்கும்போது இதிலிருந்து 0.005 முதல் 0.010 அங்குலம் குறைத்து நிறுத்துவது வழக்கம். பட்டறையில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை ‘தவ்’ என்போம். ஐந்து தவ், பத்து தவ் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தவ் என்பது ஏறக்குறைய 0.025 மில்லிமீட்டர்.

மேக்னம் கூடு ஏன் அவ்வளவு நீளம்? அதிக மருந்துக்கு இடம் வேண்டும் என்பதாலா?

அது பாதிக் காரணம்கூட இல்லை. .38 ஸ்பெஷல் 1898-இல் பிறந்தபோது கரும்புகை மருந்தின் காலம். அந்த மருந்துக்கே இடம் வைத்துச் செய்த கூடு அது. பின்னால் வந்த புகையற்ற மருந்து கொஞ்சம் இடத்திலேயே அதிக வேலை செய்யும். 1930-களின் நடுவில் .357 மேக்னம் வந்தபோது கூட்டை 0.135 அங்குலம், சுமார் மூன்றரை மில்லிமீட்டர், நீட்டினார்கள். முதன்மையான நோக்கம், அது பழைய .38 ரிவால்வரின் அறைக்குள் முழுசாக இறங்கக் கூடாது என்பதுதான். .38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000. அந்த மூன்றரை மில்லிமீட்டர் ஒரு பூட்டு. தவறான சாவி உள்ளே போகாதபடி பித்தளையிலேயே செய்துவைத்த பூட்டு. 1955-இல் வந்த .44 மேக்னத்துக்கும் இதே ஏற்பாடு.

அதனால்தான், மேக்னம் கூட்டை வெட்டி .38 நீளத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்தலாமா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதறும். வெட்டின பிறகும் அடியில் ‘.357 மேக்னம்’ என்ற பொறிப்பு அப்படியே இருக்கும். இன்னொருவர் கையில் அது கிடைக்கும்; அவர் பொறிப்பை நம்பி மேக்னம் அளவுக்கு நிரப்பிவிட்டால், அந்தத் தோட்டா எந்த .38-இலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். பூட்டை அறுத்து எறிந்ததற்குச் சமம்.

ரைபிள் கூடு போல ரிவால்வர் கூடும் சுடச் சுட நீளுமா?

அவ்வளவு நீளாது. ரைபிள் கூடு கழுத்துச் சுருங்கிய புட்டி வடிவம். அழுத்தமும் மிக அதிகம். ஒவ்வொரு சூட்டிலும் பித்தளை முன்னோக்கி ஓடும். ரிவால்வர் கூடு பெரும்பாலும் நேரான குழாய். மெதுவான .38 போட்டித் தோட்டாவில் பலமுறை சுட்டும் அளவு மாறாத கூடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு தவ் குறைந்தவையும் உண்டு. மேக்னம் அழுத்தத்தில் மட்டும் மெல்ல மெல்ல நீளம் கூடும். பெரும்பாலான ரிவால்வர் கூடுகள், வெட்ட வேண்டிய நிலை வருவதற்கு முன்பே வாய் வெடித்துக் குப்பைக்குப் போகும்.

அப்படியானால் நீளத்தைப் பற்றி ஏன் கவலை என்று உடனே கேட்பீர்கள். பெரிய எண்ணைப் பற்றியதல்ல என் கவலை. கூடுகளுக்குள் உள்ள வித்தியாசத்தைப் பற்றியது. சுடுதளத்தில் பொறுக்கிய, நான்கு வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கூடுகளை ஒரே டப்பாவில் கொட்டி அளந்தால், பத்துப் பன்னிரண்டு தவ் ஏற்ற இறக்கம் சாதாரணமாக வரும். எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கும். ஆனாலும் தொந்தரவு அங்கேதான் தொடங்குகிறது.

வரம்புக்குள் இருந்தும் என்ன தொந்தரவு?

தோட்டா நிரப்பும் கை அழுத்தியில் மாட்டும் அச்சுகள், அதாவது டைகள், எல்லாம் ஒரே உயரத்தில் பூட்டி நிற்பவை. அழுத்தியின் ஆணி ஒவ்வொரு கூட்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்குகிறது. கூடு நீளமாக இருந்தால் அதன் வாய் டைக்குள் அதிகம் போகும்; குட்டையாக இருந்தால் குறைவாகப் போகும். இதன் பலன் மூன்று இடங்களில் தெரியும்.

முதலாவது, குண்டை வைக்க வசதியாக வாயைக் கொஞ்சம் விரிக்கும் கட்டம். நீளக் கூட்டின் வாய் எக்காளம் போல மிகையாக விரியும், சீக்கிரம் வெடிக்கும். குட்டைக் கூட்டில் போதுமான விரிவு இல்லாமல், குண்டு இறங்கும்போது வாயின் பித்தளை ஓரம் குண்டின் ஈயத்தைச் சீவிவிடும். இரண்டாவது, கிரிம்ப். இதுதான் உயிர்நாடி. நீளக் கூட்டில் டை மேலும் மேலும் அழுத்தும். மடங்க இடம் இல்லாத பித்தளை வயிற்றில் பிதுங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிதுக்கம், தோட்டாவைச் சிலிண்டரில் போடும்போது முட்டிக்கொண்டு நிற்கும். குட்டைக் கூட்டிலோ கிரிம்ப் பெயருக்குத்தான் இருக்கும். மூன்றாவது, முழு நீளம். குண்டின் இடுப்பில் கிரிம்புக்கென்று வெட்டிய பள்ளம் ஒன்று உண்டு. வாய் அந்தப் பள்ளத்தில் மடங்க வேண்டும் என்றால், கூடு எவ்வளவு குட்டையோ அவ்வளவு குண்டும் அடியை நெருங்கி உட்காரும். உள்ளே மருந்துக்கான இடம் சுருங்கும்.

மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது தோட்டா நிரப்பி முடித்தார். அவற்றில் ஏழு சிலிண்டரில் இறங்கவில்லை. “டை கெட்டுவிட்டது போலிருக்கிறது மாமா” என்றார். டையில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த ஏழும் ஒரே தயாரிப்பாளரின் கூடுகள். மற்றவற்றைவிட எட்டுத் தவ் நீளம். டையைக் குட்டைக் கூட்டுக்கு ஏற்றபடி அமைத்திருந்தார். அன்றைக்குத்தான் கூடுகளைப் பிரித்து அளந்து, தனித்தனி டப்பாவில் போடும் வழக்கம் அந்த வீட்டில் வந்தது.

வரம்பைத் தாண்டி நீளமாக இருந்தால் வெடித்துவிடுமா?

ஒன்றிரண்டு தவ் தாண்டியதும் வெடித்துவிடாது. ஆனால் ஆபத்தின் திசை அதுதான். சுடும்போது மடிந்த வாய் விரிந்து குண்டை விட வேண்டும். அறை முடிந்து தொண்டை தொடங்கும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. கூடு மிக நீண்டு அதன் வாய் அந்தப் படிக்குள் நுழைந்துவிட்டால், விரிய இடம் இருக்காது; பித்தளை குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; அழுத்தம் ஏறும். ஏற்கெனவே உச்ச அளவில் மருந்து இருக்கும் மேக்னத்தில் இது விளையாட்டு அல்ல. எனவே வரம்பைத் தாண்டிய கூட்டை வெட்டுங்கள், அல்லது வீசிவிடுங்கள்.

குட்டையான கூடு?

.38 போட்டித் தோட்டாவில் ஐந்து தவ் குட்டை என்பது தலைவலி மட்டும். ரிவால்வரில் தோட்டாவைப் பின்னால் பிடித்து நிறுத்துவது விளிம்புதான். ஆகையால் கூடு குட்டையானாலும் பிரைமரில் சுத்தியல் அடி சரியாகவே விழும். எல்லாமே குட்டையாக, ஒரே அளவாக இருந்தால் டையை அதற்கேற்ப அமைத்துக்கொண்டு நிம்மதியாகச் சுடலாம்.

விளிம்பில்லாத .45 ஏசிபி தோட்டாவை ரிவால்வரில் போடுகிறேன். அதற்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. அதன் கூடு 0.898 அங்குலம், விளிம்பு இல்லாததால், அறைக்குள் உள்ள படியில் கூட்டின் வாய் முட்டித்தான் அது நிற்கிறது. தோட்டாக்களின் அடியைச் சேர்த்துப் பிடிக்கும் அரைவட்டத் தகடு மாட்டினால், அது பிடித்துக்கொள்ளும். தகடு இல்லாமல் சுடுபவர் கூட்டை மிகவும் வெட்டிவிட்டால், தோட்டா உள்ளே போய்விடும், சுத்தியல் எட்டாது. அதே காரணத்தால் இதன் வாயை உள்நோக்கிச் சுருட்டவும் கூடாது. மெல்லச் சரித்துவிடும் கிரிம்ப் மட்டும் போதும்.

எப்போது, எப்படி அளக்க வேண்டும்?

பழைய பிரைமரை வெளியே தள்ளி, கூட்டை மறுஅளவு டையில் அழுத்திய பிறகு. டை கூட்டைச் சுற்றிலும் நெருக்கும்போது பித்தளை சற்று மேல்நோக்கி ஓடும். அதற்கு முன் எடுத்த அளவு பொய்யாகிவிடும். அடியில் பிரைமர் துருத்தியிருந்தாலும் பொய்.

நீளம் அளக்கும் கருவியான காலிப்பரின் தாடைகளைத் துடைத்து, மூடி, சுழி காட்டுகிறதா பாருங்கள். கூட்டை நேராக நிறுத்தி, மெல்லச் சுற்றிக்கொண்டே இரண்டு மூன்று இடங்களில் படியுங்கள். ஓரிடத்தில் அதிகம், எதிர்ப்புறத்தில் குறைவு என்றால் வாய் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கூட்டில் கிரிம்ப் ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கும். தாடையை இறுக்காதீர்கள். விரல் நுனியில் உணர்வு வரும் அழுத்தம் போதும். பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றைத்தான்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: சேலத்து வெயிலில் அளப்பதற்கும் மலைக்குளிரில் அளப்பதற்கும் வித்தியாசம் வருமா என்று. நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்க்கலாம். கோரிமேட்டில் 38 டிகிரி, மேலே ஏரிக்கரையில் 18 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பித்தளை ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 19 பங்கு விரியும். 29.3 மில்லிமீட்டர் கூட்டுக்கு 20 டிகிரி வித்தியாசத்தில் 0.011 மில்லிமீட்டர், அரைத் தவ்கூட ஆகாது. கவலை வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் குளிர்ந்துபோன கருவியைக் கையில் எடுத்து உடனே அளக்காமல், சிறிது நேரம் மேசையில் வையுங்கள், அது போதும்.

வெட்டும் முறை?

கையால் சுற்றும் சிறு லேத் போன்ற கருவி கிடைக்கிறது. கூட்டின் அடியை ஒரு முனையில் பிடித்து, வாய்க்குள் ஒரு வழிகாட்டித் தண்டு போக, கத்தி சுற்றி வந்து வாயைச் சீவும். முட்டு வைத்திருப்பதால் அதற்கு மேல் வெட்டாது. முதல் கூட்டை வெட்டி அளந்து, முட்டைச் சரிசெய்து, பூட்டிய பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். இருபது கூட்டுக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள்.

வெட்டிய பின் வாயின் உள்ளும் புறமும் பிசிறு நிற்கும். அதை எடுக்க வேண்டும். ஆனால் பென்சில் சீவுவது போலச் சீவிவிடக் கூடாது. கத்தி முனையாக மெலிந்த வாயில் கிரிம்ப் நிற்காது. இரண்டாவது சூட்டிலேயே கீறல் விடும். ஒரு சுற்று, இரண்டு சுற்று, அவ்வளவுதான்.

வெட்டாமல் பிரித்து வைத்தால் போதாதா?

.38-க்குப் போதும் என்பதே என் கருத்து. ஒரே தயாரிப்பாளர், ஒரே தடவை வாங்கிய கூடுகள், ஒரே எண்ணிக்கை சுட்டவை. இவற்றை ஒரு கூட்டமாக வைத்துக்கொண்டால், அவற்றுக்குள் இரண்டு மூன்று தவ் வித்தியாசம்தான் இருக்கும். டையை அமைக்கும்போது கூட்டத்திலேயே நீளமானதை எடுத்து, அது பிதுங்காத அளவுக்கு வையுங்கள். பிறகு மிகக் குட்டையானதில் வாய் பள்ளத்தில் தொட்டு மடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் இடையில் உள்ள எல்லாம் சரி. மேக்னத்துக்கு மட்டும், புதிதாக வாங்கியவுடன் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டிவிடச் சொல்வேன். ஒரு மாலைப்பொழுது போகும். பிறகு வெகுநாள் நிம்மதி.

குண்டை உட்காரவைப்பதையும் கிரிம்ப் செய்வதையும் ஒரே அடியில் செய்யாமல் இரண்டு அடியாகப் பிரித்துவிட்டாலும் பாதிச் சிக்கல் தீரும்.

கிரிம்ப் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆறு தோட்டாவின் முழு நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சிலிண்டரில் போட்டு ஐந்தைச் சுடுங்கள். ஆறாவதை வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். ரிவால்வர் ஒவ்வொரு முறையும் பின்னால் உதைக்கும்போது, சிலிண்டரில் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடும் அதோடு பின்னால் இழுபடுகிறது. உள்ளே இருக்கும் குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பிடி தளர்வாக இருந்தால் குண்டு மெல்ல முன்னால் நழுவும். மிகவும் நழுவினால் சிலிண்டரின் முகப்பைத் தாண்டித் துருத்தி, சிலிண்டர் சுற்றவே முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஆறாவது தோட்டா நீளாமல் இருந்தால் உங்கள் வேலை தேறியது.

நழுவினால் கிரிம்பை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். குண்டைப் பிடிப்பதில் பெரும்பங்கு கூட்டின் சுவருடையது. சுவர் குண்டைச் சுற்றி இறுக்கமாக இல்லை என்றால், எவ்வளவு மடித்தாலும் பயன் இல்லை. மறுஅளவு டையையும் வாய் விரிக்கும் ஆணியின் குறுக்களவையும் முதலில் சோதியுங்கள்.

.357 ரிவால்வரில் .38 சுடலாம் என்கிறார்கள். பிறகு மேக்னம் உள்ளே போகமாட்டேன் என்கிறதே?

சுடலாம். குட்டைக் கூடு எரியும்போது, அதன் வாய்க்கும் தொண்டைக்கும் இடையே காலியாக இருக்கும் மூன்றரை மில்லிமீட்டரில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். சில நூறு தோட்டாவுக்குப் பிறகு மேக்னம் கூட்டின் வாய் அந்த வளையத்தில் முட்டும். கட்டைவிரலால் அழுத்தித் திணிக்காதீர்கள். நீளக் கூட்டில் நேரும் அதே ஆபத்து, இங்கே அழுக்கின் உருவத்தில் வருகிறது. வெண்கலத் தூரிகையால் அறையைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

இதனோடு ஒட்டிய இன்னொரு எச்சரிக்கை. நீளமான கூட்டில் வேகமாக எரியும் மருந்தைக் கொஞ்சமாகப் போடும்போது, அது கூட்டின் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். தவறுதலாக இரண்டு முறை போட்டாலும் வழியாது. கண்ணுக்கும் சட்டென்று படாது. குண்டு வைப்பதற்கு முன் ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்தி, விளக்கை மேலே பிடித்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். மருந்தே போடாமல் விட்டதும் இதில் தெரிந்துவிடும். பிரைமரின் பலத்தில் மட்டும் கிளம்பிய குண்டு குழலில் பாதியில் நிற்கும். அடுத்த சூடு அதன் மேல் மோதினால் குழல் பிதுங்கும், பிளக்கும். இந்த விளக்குச் சோதனையை மாப்பிள்ளை தவிர்த்தால் நான் மேசையை விட்டு எழுந்துவிடுவேன் என்று சொல்லியே வைத்திருந்தேன்.

போட்டியில் சுடும் .32-இல் குண்டு வெளியே தெரிவதே இல்லையே, ஏன்?

அது தட்டைத் தலைக் குண்டு. காகித இலக்கில் வட்டமாக, துப்புரவாகத் துளை வெட்டுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கூட்டின் வாய்க்குச் சமமாக உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கும். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் உலகம் முழுக்க .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங் பரவலாக ஓடுவதற்கு, அதன் மெல்லிய உதையும் துல்லியமும் காரணம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகள் எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றது இந்த சென்டர் ஃபயர் போட்டியில்தான்.

இந்தத் தோட்டாவில் கூட்டின் நீளமும் தோட்டாவின் முழு நீளமும் ஏறக்குறைய ஒன்று. இதே தோட்டாவைச் சுடும் போட்டி பிஸ்டல்களில் தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பெட்டிக்குள் அது நின்று மேலேற வேண்டும். பத்துத் தவ் நீளம் கூடினாலே தடுக்கும். விட்டுக்கொடுக்க இடமே இல்லாத அளவு என்றால் அது இதுதான்.

கூட்டின் வாய் வெடிப்பதைத் தடுக்க முடியுமா? நெருப்பில் காட்டலாமா?

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்பவரிடம் போய்க் கேளுங்கள்: கம்பியை இழுக்க இழுக்க ஏன் நடுவில் நெருப்பில் காட்டுகிறீர்கள் என்று. காட்டாவிட்டால் முறியும் என்பார். பித்தளையும் அப்படித்தான். விரிப்பது, மடிப்பது, சுடுவது, நெருக்குவது என்று ஒவ்வொரு சுற்றிலும் வாய் இறுகி, கடைசியில் கீறல் விடும். ரைபிள் கூட்டின் கழுத்தை இளக்குவது உண்டு. ரிவால்வர் கூடு குட்டை. வாயில் காட்டும் வெப்பம் நொடியில் அடிக்கு ஓடிவிடும். அழுத்தத்தைத் தாங்க வேண்டிய அடி இளகிப்போனால் கூடு உங்கள் முகத்துக்கு நேரே கிழியும். கொலுசுக்காரர் முழுக் கம்பியையும் இளக்கலாம். நாம் அப்படிச் செய்ய முடியாது. வாய் கீறினால் எறிந்துவிடுங்கள். கீறிய பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவதும் வேண்டாம்.

சுத்தம் செய்யும்போது அமோனியா கலந்த திரவத்தைத் தொடாதீர்கள். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் நடந்த கதை இது: மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள், யாரும் தொடாமலேயே தாமாக வெடிப்பு விட்டன. ஈரக்காற்றில் குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் விளங்கியது. தோட்டாவை மாட்டுக்கொட்டகைக்கு அருகிலுள்ள அறையில் வைத்திருக்கும் எஸ்டேட்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

ஏற்காட்டில் தாத்தாவின் பழைய பங்களாவைக் காலி செய்தபோது, தகரப் பெட்டியில் பழைய ரிவால்வர் தோட்டாக்கள் கிடைத்தன. எங்களிடம் உள்ள .32-இல் சிலது இறங்குகிறது. சுட்டுத் தீர்க்கலாமா?

வேண்டாம். ‘இறங்குகிறது’ என்பது ‘பொருந்துகிறது’ என்பதற்குச் சான்று ஆகாது. .32 என்ற பெயரிலேயே வெவ்வேறு நீளங்கள் உண்டு: பழைய .32 ஸ்மித் அண்ட் வெசனின் கூடு ஏறக்குறைய பதினைந்தரை மில்லிமீட்டர், லாங்கினுடையது 23.4, 1984-இல் வந்த மேக்னத்தினுடையது 27.3. குட்டையானது நீள அறையில் இறங்கத்தான் செய்யும். பிரிட்டிஷ் ரிவால்வர் தோட்டாவான .455 வெப்லியிலோ, பழைய கூடு ஒரு நீளம். 1897-இல், கார்டைட் என்ற புகையற்ற மருந்துக்கு அத்தனை இடம் தேவையில்லை என்று குறைத்த கூடு இன்னொரு நீளம். இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். மலையின் ஈரத்தில் பல பத்தாண்டு கிடந்த பித்தளையின் உள்நிலையும் காலிப்பருக்குத் தெரியாது.

அந்தத் தோட்டாக்கள் தாத்தாவின் உரிமத்தில் இருந்தவை. அவர் காலமானதும் அவற்றை வைத்திருக்க உங்களுக்கு அனுமதி இல்லை. ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, இப்படிப்பட்டவற்றை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ தாமதமின்றி ஒப்படைக்கச் சொல்கிறது. பெட்டியை உலுக்காமல், வெயிலில் வைக்காமல், முதலில் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுவர வேண்டுமா, அவர்கள் மேலே வருகிறார்களா என்று கேட்டுக்கொண்டு, அதன்படி செய்யுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கி, தாத்தாவின் பழைய உரிமப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.